பிள்ளைக்கு நிலத்தின் பெயர்

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு அடுத்த மாதம் முதல் குழந்தை பிறக்க இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் காடு. மனைவிக்கு வேதாரண்யம். இரண்டு வீட்டிலும் நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள்தான். நாங்கள் இருவரும் இப்போது சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளையின் பெயரிலாவது மண் இருக்கட்டும் என்று ஆசை. இணையத்தில் "பூமி என்று பொருள்படும் பெயர்கள்" என்று கிடைத்த பட்டியல்களிலிருந்து சிலவற்றைக் குறித்து வைத்திருக்கிறோம். பெண் என்றால் அவனி, அவந்திகா, மஹிகா, பூமிகா, மேதினி, நிலா, பூமகள், அகிலா. பையன் என்றால் நிலன், பிருத்வி, பூபதி.

இந்தப் பொருள்களை நம்பலாமா? நிலன் என்பது சரியான தமிழா, இல்லை அண்மையில் யாரோ 'அன்' விகுதி ஒட்டி உண்டாக்கியதா? மண் என்று வரும் பெயரே வேண்டாம், மண்ணாங்கட்டி என்று ஆகிவிடும் என்கிறார் அப்பத்தா. ஜோசியர் நட்சத்திர எழுத்து பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்கிறார். பிறப்புச் சான்றிதழில் உடனே பெயர் எழுதிவிட வேண்டுமா? உங்கள் மனதில் ஒரு பெயர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

செ., சென்னை

அன்புள்ள செ.,

உங்கள் பட்டியலில் மஹிகாவை முதலில் எடுத்துவிடுங்கள். சமஸ்கிருதத்தில் மஹீ என்றால் பூமி, உண்மை. மஹிகா என்றால் பனிமூட்டம், உறைபனி. மஹீயோடு 'கா' சேர்த்தால் அழகாகிவிடும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்திருக்கிறார்கள். அவந்திகா என்றால் அவந்தி நாட்டுப் பெண். உஜ்ஜயினியைத் தலைநகராகக் கொண்ட பழைய நாடு அவந்தி. வைதேகி விதேகத்துப் பெண், கைகேயி கேகயத்துப் பெண், காந்தாரி காந்தாரத்துப் பெண், பாஞ்சாலி பாஞ்சாலத்துப் பெண் என்பதுபோல இதுவும் பிறந்த நாட்டைச் சொல்லும் பெயர். நல்ல பெயர்தான். ஆனால் அருப்புக்கோட்டைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே உஜ்ஜயினி எங்கிருந்து வந்தது?

இப்படிப் பிழைகள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் உருவானவை. ஆங்கிலத்தில் குறில் நெடில் போய்விடும், ல ள ழ போய்விடும். அதைத் திரும்பத் தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பதே தெரியாமல் போகிறது. பெயரைச் சோதிக்க இரண்டு அகராதி போதும், இரண்டும் இணையத்தில் இலவசம். தமிழ்ச் சொல்லென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். சமஸ்கிருதம் என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி. சொல்லைத் தேடி, முதற்பொருள் என்ன, பழைய நூலில் எங்கே வந்திருக்கிறது என்று இரண்டையும் பாருங்கள். நூலில் வந்த இடம் ஒன்றுகூடக் காட்டப்படாத சொல்லென்றால் கொஞ்சம் தயங்குங்கள்.

நிலா, நிலம் இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். நிலா சந்திரன். அது எப்படியோ பூமிப் பட்டியலில் ஏறிவிட்டது. கூட்டுப்பெயர்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. நிலவரசன் என்பதை நிலவு + அரசன் என்றும் பிரிக்கலாம், நிலம் + அரசன் என்றும் பிரிக்கலாம். மரம் + அடி மரவடி ஆவதுபோல மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வரும், இரண்டும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கும். நிலவழகியும் அப்படியே. கேட்பவருக்கு முதலில் தோன்றுவது நிலவுதான். நிலம் என்பதில் ஐயமே இருக்கக்கூடாது என்றால் மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லைச் சேர்க்க வேண்டும்: நிலமகள், நிலமங்கை, நிலநங்கை, நிலவேந்தன்.

பூ என்று தொடங்கும் பெயர்களிலும் இதே குழப்பம் உண்டு. பூ தமிழில் மலர். சமஸ்கிருத 'பூ'வோ பூமி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் புணர்ச்சி காட்டிக்கொடுத்துவிடும். மலரைக் குறிக்கும் பூவோடு வல்லினம் சேர்ந்தால் இடையில் மெல்லினமோ வல்லினமோ மிகும்: பூங்கொடி, பூங்குழலி, பூப்பந்தல். பூமியைக் குறிக்கும் பூ எதையும் மிகவிடாமல் நேராக ஒட்டும்: பூபதி, பூபாலன், பூதேவி. பூமகளில் அடுத்து வருவது மகரம், அதனால் இந்தச் சோதனை அங்கே பலிக்காது. தாமரைப் பூவில் இருக்கும் திருமகள் என்றும் கொள்ளலாம், பூமாதேவி என்றும் கொள்ளலாம், இலக்கியத்தில் இரண்டும் உண்டு. உங்களுக்கு இரண்டும் சம்மதம் என்றால் அது குறையே இல்லை. பூவராகன் என்ற பெயரைக் கடலூர் மாவட்டத்தில் நிறையக் கேட்கலாம். ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பெயர். அந்தப் பூவும் பூமிதான், வராகம் தூக்கி வந்த பூமி.

பூமிகாவில் பூமி இருக்கிறது, ஆனால் அந்தச் சொல்லுக்கு மேடை, நாடகத்தில் ஏற்கும் வேடம், நூலின் முன்னுரை என்றெல்லாம் பொருள் உண்டு. இந்தி பேசுபவர் காதில் முதலில் விழுவது அவைதான். மேதினி பழைய சொல், தமிழ்ச் செய்யுளில் தாராளமாக வரும். ஆனால் பொருளைத் தோண்டிப் பார்க்கும் பெற்றோர் என்பதால் சொல்கிறேன்: மேதஸ் என்றால் கொழுப்பு. திருமால் கொன்ற மது, கைடபர் என்ற அசுரர்களின் கொழுப்பு பரவி நிலமானதால் மேதினி என்று புராணம் விளக்குகிறது. பெயருக்குக் காரணம் கேட்டு வளரும் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டிவரும். வசுதா, வசுந்தரா, வசுமதி மூன்றிலும் இந்தத் தொல்லை கிடையாது. வசு என்றால் செல்வம்: செல்வம் தருபவள், செல்வத்தைத் தாங்குபவள், செல்வம் உடையவள்.

அகிலாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அகிலம் என்றால் உலகம் என்று நமக்குப் பழகிவிட்டது. மூலப் பொருள் 'முழுமை'. அந்தச் சொல்லின் உள்ளே ஒரு வயல் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'கில' என்றால் உழுத நிலங்களுக்கு இடையே உழாமல் கிடக்கும் துண்டு, தரிசு. 'அகில' என்றால் அப்படி இடைவெளி விடாதது. இடையில் ஒரு முழம்கூடத் தரிசு போடாமல் முழுதும் உழுத காடு என்று கரிசல்காரர் எவருக்கும் சொன்னால் சட்டென்று விளங்கும். இந்தப் பெயரைப் பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பட்டியல்களில் பெரும்பாலும் இல்லாத, ஆனால் நம் வீடுகளில் மிக அதிகமாக இருக்கும் நிலத்தின் பெயர் சீதா. கலப்பை மண்ணைக் கிழித்துப் போகும் கோட்டுக்குத்தான் சீதா என்று பெயர். நம் ஊர்களில் சால், உழவுச்சால், படைச்சால் என்கிறோமே, அது. ஜனகன் நிலத்தை உழுதபோது சாலில் கிடைத்த பிள்ளை, அதனால் சாலின் பெயரே பிள்ளைக்கு. அர்த்தசாஸ்திரத்தில் அரசு நிலத்தின் பயிர்த்தொழிலைக் கவனிக்கும் அதிகாரிக்கு சீதாத்யக்ஷன் என்று பெயர். ஏரும் விதையும் எருதும் அவன் பொறுப்பு. இந்தப் பெயருக்குச் சில பட்டியல்கள் 'குளிர்ச்சி' என்று பொருள் போடுகின்றன. சீதம், சீதளம் என்பவற்றில் வரும் சகரம் வேறு, சீதாவின் சகரம் வேறு. தமிழில் இரண்டையும் ஒரே 'சீ' போட்டு எழுதுவதால் வந்த மயக்கம் அது. பூமிஜா என்று புதிதாக வைக்கிறார்களே, மண்ணில் பிறந்தவள், அதுவும் சீதைதான்.

ஆண் பெயர்களுக்கு வருகிறேன். பிருத்வி என்றால் பரந்தவள், பெண்பாற் சொல். இப்போது பையன்களுக்குத்தான் வைக்கிறார்கள். அதில் தவறில்லை. தமிழில் ப்ருத்வி, பிருத்வி, ப்ரித்வி, பிரிதிவி என்று நான்கு விதமாக எழுதப்படும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அதே வேரிலிருந்து வந்து, தமிழ் வாய்க்கு நன்றாகப் படிந்த பெயர் பார்த்திபன். பார்த்திவன், அதாவது பிருதிவிக்கு உரியவன், அதனால் அரசன். பார்த்தனோடு இதைச் சேர்த்துக் குழப்பக்கூடாது. பார்த்தன் பிருதையின் மகன், பிருதை என்பது குந்தியின் இன்னொரு பெயர்.

பூபதி, பூபாலன், மகிபாலன், பார்த்திபன், புவியரசு, பார்வேந்தன் என்று ஆண் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாம் நிலத்தை ஆள்பவன், நிலத்துக்குத் தலைவன். பெண் பெயர்களோ நிலமே ஆனவை. அரசன் நிலத்தை மணந்தான் என்ற பழைய கற்பனை இது. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் வரும் அரசன் புகழ்ப்பாட்டில், 'பெருநிலச் செல்வி' அவனுக்கு உரிமை பூணுகிறாள், ராஜேந்திரனுடையதில் 'இருநில மடந்தை' வருகிறாள். எனக்கு இதைவிடச் சோழர் கல்வெட்டுகளில் வரும் அரசியரின் பட்டப்பெயர்கள் பிடிக்கும். இரண்டாம் ராஜராஜனின் தேவியர் பெயர்கள் அவனிமுழுதுடையாள், புவனமுழுதுடையாள், தரணிமுழுதுடையாள். நிலத்தை முழுதாக உடையவள்! இன்றைக்குப் பத்திரத்தில் பெண் பெயர் ஏற இத்தனை பாடு இருக்கும்போது இந்த 'உடையாள்' எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. முழுப் பட்டத்தையும் பள்ளிப் பதிவேட்டில் எழுத முடியாதுதான். உலகுடையாள் என்று சுருக்கினால் வைக்கத்தக்க பெயர். பூபதி இலங்கையில் பெண்களுக்கும் உண்டு, அதுவும் இந்த வகையில் நல்ல பெயர்.

அவனி பெண் பெயராக இப்போது பரவியிருக்கிறது. பழங்காலத்தில் அரசர் பட்டங்களில் வந்த சொல் அது. மகேந்திரவர்ம பல்லவனுக்கு அவனிபாஜனன் என்று ஒரு பெயர், சீயமங்கலத்துக் குடைவரை அந்தப் பெயரால் அவனிபாஜன பல்லவேச்சுரம் ஆனது. 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஒருவன் அவனிசூளாமணி. பெயரில் குறையில்லை, நடைமுறையில் ஒரு தொல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் அவனியும் ஆவணியும் ஒரே எழுத்துக்கள். ஆங்கிலத்தில் வருகைப்பதிவு படிக்கும் ஆசிரியர் ஆவணி என்றே கூப்பிடுவார்.

நிலன் பற்றிக் கேட்டீர்கள். ஒட்டுப்போட்ட சொல்லே இல்லை, சங்கப் பாட்டில் நிலத்தின் பெயரே அதுதான். அஃறிணைச் சொற்களில் இறுதி மகரமும் னகரமும் ஒன்றுக்கு ஒன்று வரும்: அறம் அறன், புறம் புறன், கலம் கலன், நிலம் நிலன். புறநானூற்றில் ஔவையார் நாடோ காடோ பள்ளமோ மேடோ என்று நிலத்தைப் பார்த்துப் பேசி, கடைசியில் 'வாழிய நிலனே' என்றுதான் விளிக்கிறார். இந்த 'ன்' ஆண்பால் விகுதியே அல்ல என்பதால் இலக்கணப்படி பெண்ணுக்கும் வைக்கலாம். கேட்பவர் காதில் ஆண் பெயராகத்தான் விழும், அது வேறு விஷயம். நிலத்தை ஆள்பவன் என்று சொல்லாமல், நிலம் என்று மட்டும் சொல்லும் ஆண் பெயர் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து நிற்கிறது. எனக்கு மிகவும் உகந்தது. எச்சரிக்கை ஒன்றே: ஆங்கில எழுத்தில் நீலன் என்று படிக்க இடமுண்டு. வீட்டில் நிலா என்று சுருக்கிக் கூப்பிடத் தொடங்கினால் பையன் சந்திரனாகிவிடுவான்.

ஞாலம், வையம் இரண்டும் உயர்ந்த சொற்கள், பெயராக உட்காருவதில்லை. மகர இறுதியை நீட்டிக் கூப்பிட முடியாது. தெருவில் நின்று ஒரு பிள்ளையைக் கூப்பிடும்போது நாம் கடைசி எழுத்தை நீட்டுகிறோம்: அகிலா, பூபதீ, மங்கே. அதனால் ஈற்றில் நீளும் உயிரோ, ன் ள் ல் போன்ற மெய்யோ இருந்தால் குரல் எட்டும். பார் என்று தனியாக வைத்தால் 'பார்த்தியா' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் பெயர் குறுக்கே வரும். பொழில் என்று ஒரு சொல் இருக்கிறது. சோலை என்பது இன்று தெரிந்த பொருள். பழைய ஆட்சியில் உலகம், நாட்டின் பகுதி என்றும் பொருள். நிலமும் அதில் தழைத்த மரமும் ஒரே சொல்லில் இருக்கின்றன, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும், மூன்றே எழுத்து. ழகரம் உங்கள் வீட்டில் சரியாக வருமானால் வையுங்கள். பொலில், பொளில் என்று நாளெல்லாம் கேட்க நேர்ந்தால் மனம் கஷ்டப்படும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மொத்தப் பூமிக்கான பெயர்கள். உங்கள் கடிதத்திலோ இரண்டு குறிப்பான நிலங்கள் இருக்கின்றன: மழையை எதிர்பார்த்து விதைக்கும் கரிசல், உப்பளத்தையும் கழிமுகத்தையும் ஒட்டிய கடற்கரை. தமிழில் நிலத்தை வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் பூவும் மரமும் தொழிலும் தலைவனும் சொல்லி வைத்திருக்கும்போது, அதை விட்டுவிட்டுப் பொதுவாகப் 'பூமி' என்று வைப்பது எனக்குக் குறையாகவே தோன்றுகிறது. வேதாரண்யம் நெய்தல், இதில் யோசிக்க எதுவும் இல்லை. கரிசல் எந்தத் திணை என்று நூலில் சொல்லியிருக்காது. ஆனால் வரகும் சாமையும் மானாவாரியில் விளையும் புன்செய், ஆடு மாடு மேய்ச்சல், மழைக்குக் காத்திருத்தல் என்று எல்லாம் முல்லையோடுதான் ஒத்துப்போகும்.

பெண்ணுக்கு நிலத்தின் பெயரே போதும்: முல்லை, நெய்தல், குறிஞ்சி. நிலத்துக்கும் பூவுக்கும் ஒரே பெயர் என்பதால் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதும் எளிது. வேதாரண்யம் பக்கத்துக் கழிகளில் நெய்தல் பூவைக் காட்டி 'இதுதான் உன் பெயர்' என்று சொல்லலாம். பூமியைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது. திணைகளுக்குரிய பெண்பாற் பெயர்கள் சில உண்டு, கொடிச்சி, நுளைச்சி, எயிற்றி என்று. அவை அந்தந்த மக்களின் குடிப்பெயர்கள், பிள்ளைக்கு வைக்க எடுக்க வேண்டாம்.

ஆண் பிள்ளைக்குத் திணைத் தலைவர்களின் பெயர்கள் ஒரு புதையல். இவற்றைப் பெயர்ப் பட்டியல்களில் அதிகம் பார்க்க முடிவதில்லை. குறிஞ்சிக்கு வெற்பன், சிலம்பன், பொருப்பன். வெற்பு, சிலம்பு, பொருப்பு மூன்றும் மலை. மருதத்துக்கு ஊரன், மகிழ்நன். நெய்தலுக்குச் சேர்ப்பன், துறைவன், கொண்கன், புலம்பன். சேர்ப்பு என்றால் கடற்கரை, துறை என்றால் படகு வந்து சேரும் இடம். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக் கூடாது. புலம்பு என்றால் கடற்கரை என்றும் பொருள் உண்டு, ஆனால் புலம்பன் என்று கூப்பிட்டால் புலம்புகிற பிள்ளை என்றுதான் ஊர் நினைக்கும். கொண்கன் என்பதற்குக் கணவன் என்றே இன்னொரு பொருள். மகிழ்நனுக்கும் அப்படித்தான், ஆயினும் மகிழ்ச்சி முன்னால் நிற்பதால் அந்தப் பெயர் இன்று தடையில்லாமல் வழங்குகிறது. எழுதும்போது ழகர ஒற்றுக்குப் பின் தந்நகரம், 'ந'. மகிழ்னன் என்று தட்டச்சு செய்துவிட்டால் அதுவே சான்றிதழில் ஏறிவிடும். ஊரன் மருதத் திணையில் பரத்தையிடம் போய்விட்டு வந்து வாசலில் நிற்பவன், அது தெரிந்து வைக்கலாம். பாலைக்குரிய விடலையை இன்றைய வழக்கு கெடுத்துவிட்டது, விட்டுவிடுங்கள். வெற்பன், சிலம்பன், சேர்ப்பன், துறைவன் நான்கும் குறையே இல்லாதவை. சிலம்பன் என்றால் கம்பு சுற்றுகிறவன் என்று சிலர் நினைக்கலாம், அதனால் கெடுதல் ஏதுமில்லை.

அப்பத்தா சொல்வதை ஒதுக்க வேண்டாம். மண்ணாப் போச்சு, மண்ணைக் கவ்வினான், வாயில் மண் என்று இழப்பைச் சொல்லும் வழக்குகளில் எல்லாம் மண் வந்து நிற்கிறது. அவர் காதில் அது விழுகிறது. ஆனால் மண்ணாங்கட்டி என்பது ஒரு காலத்தில் வசையாக இல்லாமல் காப்பாகவே வைக்கப்பட்ட பெயர். அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். யாரும் விரும்பாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிடட்டும் என்று. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் எத்தனை பெற்றோர் அழுதிருப்பார்கள் என்று நினைத்தால் அவற்றைச் சொல்லிச் சிரிக்கத் தோன்றாது. அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், உங்கள் குடும்பத்திலேயே ஒரு குப்பம்மாள் இருந்திருக்கக்கூடும். மண் என்ற ஓசை அவருக்கு உறுத்துகிறது என்றால் நிலம் என்ற சொல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள். அதற்கு அந்த வழக்குகளின் பாரம் இல்லை. திருக்குறளில் சோம்பி இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கும் நிலத்துக்கு 'நிலமென்னும் நல்லாள்' என்றுதானே பெயர்.

நட்சத்திர எழுத்து பிள்ளை பிறந்த பிறகுதான் தெரியும். அதனால் ஒரே பெயரில் மனதை வைத்துவிடாமல் எழுத்து வேறுபட்ட நான்கைந்து பெயர்களை இப்போதே தேர்ந்து வையுங்கள். அனுஷம் என்றால் ந, நி, நு, நே. நிலன், நிலமங்கை, நெய்தல் எல்லாம் அதன் அருகே வரும். கார்த்திகைக்கு அ, இ, உ, எ. அவனி, அகிலா, உலகுடையாள். ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. வசுதா, வசுமதி. பூராடத்துக்குப் பூ, த, ப, ட. பூபதி, தரணி. மகத்துக்கு ம, மி, மு, மே. முல்லை. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பாதத்துக்கு உரியது. பல வீடுகளில் நான்கில் எது வந்தாலும் சரி என்று கொள்வார்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால் வழக்கமான வழி ஒன்று இருக்கிறது. பெயர் சூட்டும்போது காதில் ஓதுவது நட்சத்திரப் பெயராக இருக்கட்டும், பதிவேட்டில் எழுதுவது உங்கள் பெயராக இருக்கட்டும். எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் எழுத்தைக் கூட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். நிலத்தின் பெயர்களில் குறில் நெடில்தான் பொருளைத் தாங்குகிறது. நிலனில் ஓர் எழுத்தை இரட்டித்தால் நீலனாகிவிடும்.

தமிழும் ஆங்கிலமும் எப்படி எழுதுவது என்று முடிவு செய்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஆங்கில வடிவத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, பெயர் தெரியாத மூன்று பேரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவராவது தமிழ் தெரியாதவராக இருக்கட்டும். மூவரும் மூன்று விதமாகப் படித்தால் எழுத்தை மாற்ற வேண்டும். தரணியை ஆங்கிலத்தில் Dh போட்டுத் தொடங்குவதா Th போட்டுத் தொடங்குவதா என்பது போன்றவற்றை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். பிறகு உங்கள் பெயரையும் பின்னால் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதவேண்டி வருவதால் பிள்ளையின் பெயரும் உங்கள் பெயரும் வெளிநாட்டில் ஒன்றாகத்தான் படிக்கப்படும்.

பதிவைப் பற்றி அவசரப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். அப்போது குழந்தையின் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை ஏறிய பெயரைப் பிறகு வேறு பெயராக மாற்ற அந்தப் பதிவேட்டில் வழியில்லை. எழுத்தர் செய்த பிழையைத் திருத்தலாம், மனம் மாறியதைத் திருத்த முடியாது. பின்னாளில் அரசிதழில் அறிவித்துத்தான் மாற்ற வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே பெயரைக் கொடுக்கும் விண்ணப்பத்தில் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் நீங்களே தெளிவாகத் தனித்தனி எழுத்தாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லி எழுதவிட்டால் நெய்தல் நைதலாகும், சேர்ப்பன் சேப்பனாகும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

இதே கேள்வியைக் கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்களும் கேட்பதுண்டு. அவர்களுக்கும் கைவசம் பெயர்கள் இருக்கின்றன. ஆதாம் என்ற எபிரேயப் பெயர் மண்ணைக் குறிக்கும் அதாமா என்ற சொல்லோடு சேர்ந்தது. ஜார்ஜ் கிரேக்கத்தில் நிலத்தில் வேலை செய்பவன், நேராகச் சொன்னால் உழவன். அரபியில் துராப் என்றால் புழுதி மண். அலீ அவர்களுக்கு நபிகள் அன்போடு சூட்டிய பெயர் அபூ துராப்.

என் மனதில் இருப்பதைக் கேட்டீர்கள். பையன் என்றால் நிலன். தாய்வீட்டுக் கடற்கரை பெயரில் வரவேண்டும் என்று உங்கள் மனைவி விரும்பினால் துறைவன். பெண் என்றால் நிலமங்கை. மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோவிலில் தாயாரின் பெயர் நிலமங்கை. கடலோரத்தில் நிற்கும் நிலத்தின் பெயர் என்பதால் உங்கள் இரண்டு ஊருக்கும் சேர்த்துப் பொருந்தும். வீட்டில் சுருக்கிக் கூப்பிடுவதானால் மங்கை என்று கூப்பிடுங்கள். முதல் வாரத்தில் எது நாக்கில் ஏறுகிறதோ அதுதான் கடைசிவரை நிற்கும், அதனால் பாட்டிமார் இருவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.